உஷார்! கப்பலுக்குப் பயப்படாதீர்கள், காசு வாங்கும் கைக்குப் பயப்படுங்கள்

இன்றிரவு யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். மற்றதையெல்லாம் அடுத்த வரியிலிருந்து பேசிக்கொள்ளலாம்.

பள்ளி விடுமுறையும் தீபாவளியும் நெருங்கினால் போதும், ஈப்போ வட்டாரத்துப் புலனக் குழுக்களில் ஒரே மாதிரியான செய்தி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. மாடி மாடியாய் ஒரு வெள்ளைக் கப்பல், அதன் கீழே 'கிள்ளான் துறைமுகத்திலிருந்து பூக்கெட், 3 இரவு, சாப்பாடு இலவசம், கடைசி 12 இடங்கள், இன்றிரவு 12 மணியோடு முடிகிறது' என்று சிவப்பு எழுத்து. புந்தோங்கில் இருக்கும் அக்கா அதைத் தங்கைக்கு அனுப்புகிறார். தங்கை சுங்கை சிப்புட்டில் இருக்கும் சம்பந்திக்கு அனுப்புகிறார். ஒவ்வொரு கை மாறும்போதும் அந்தச் செய்திக்கு நம்பிக்கை கூடுகிறது. ஏனென்றால் அனுப்பியவர் நமக்குத் தெரிந்தவர். முதலில் அனுப்பியவன் யார் என்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் பார்த்தேன். பார்க்கும்போது காலம் கடந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அத்தை 38 வருடம் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு நின்று, தோளில் காண்டா வாளி சுமந்து, ஒட்டுப்பால் நாற்றத்தோடு வீடு திரும்பி மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். அவர் வாழ்ந்த தோட்டம் இப்போது இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையில் ஒரு பகுதி போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயங்களை இடித்துவிட்டார்கள். மிச்சம் நிற்பது மாரியம்மன் கோயில் மட்டும். வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு ஈப்போ, கம்பார், கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப்போன பழைய சனம் அங்கே கூடும். அப்படி ஒரு திருவிழாவில், அன்னதானப் பந்தியில், "நாமளும் ஒரு தடவ கப்பல்ல போயிட்டு வருவோமே" என்று யாரோ ஒருவர் சொன்னார். அங்கிருந்த முக்கால்வாசிப் பேர் வயதான பெண்கள். கடல் என்றால் லுமுட்டில் நின்று பார்த்தது, பங்கோருக்குப் படகில் போனது, அவ்வளவுதான் அவர்களுக்கு.

அன்று பந்தியில் எழுந்த கேள்விகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன.

"நடுக்கடல்ல கவுந்துட்டா என்னா செய்யிறது?"

"எனக்கு பங்கோர் போட்டுலயே தல சுத்துச்சே, மூணு ராத்திரி எப்படிம்மா?"

"நாம மாடு திங்காத ஆளு. அங்க எதுல எத கலப்பானோ?"

"ரூம்புல சன்னல் இருக்குமா, இல்ல நம்ம லயத்துப் பின்கட்டு மாதிரி இருட்டா?"

எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் 'காசை யார் கையில் கொடுக்கப் போகிறோம்?' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி எழாததற்கு 14 பேர் விலை கொடுத்தார்கள்.

கேட்ட கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயம் நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கும்வரை உண்மையான அபாயத்துக்கு அங்கே இடம் இருக்காது.

நம் மலாக்கா நீரிணையில் சொகுசுக் கப்பல் மூழ்கியதே இல்லையா என்றால், மூழ்கியிருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. 1992 ஆகஸ்டில் 'ராயல் பசிபிக்' என்ற கப்பலைத் தைவான் மீன்பிடிக் கப்பல் ஒன்று இடித்தது. கப்பல் மூழ்கியது, உயிர்களும் போயின. 1999 மே மாதம் 20ஆம் தேதி, பூக்கெட்டிலிருந்து சிங்கப்பூர் திரும்பிக்கொண்டிருந்த 'சன் விஸ்தா' கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. நள்ளிரவுக்குப் பின் அது பினாங்குக்குத் தெற்கே கடலுக்கடியில் போய்விட்டது. அதில் இருந்தவர்கள் ஆயிரம் பேருக்கும் மேல். அத்தனை பேரும் உயிர்காப்புப் படகுகளில் இறங்கிப் பிழைத்தார்கள், ஒருவர்கூட இறக்கவில்லை. பிறகு 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் 'கோஸ்தா கன்கோர்டியா' பாறையில் மோதிச் சரிந்து 32 பேர் இறந்தார்கள். அன்று பிற்பகல்தான் ஏறியிருந்த பல நூறு பயணிகளுக்கு இன்னும் ஆபத்துக்காலப் பயிற்சியே கொடுத்திருக்கவில்லை. பயணிகள் ஏறிய 24 மணி நேரத்துக்குள் பயிற்சி கொடுத்தால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. அந்த விபத்துக்குப் பிறகு விதியை மாற்றினார்கள். 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும்.

ஆகவே கப்பலில் ஏறியதும் எல்லாரும் சாப்பாட்டு மண்டபத்தைத் தேடி ஓடும்போது, நீங்கள் உங்கள் அறைக்கான கூடுமிடம் எது என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அங்கே போகவேண்டும். பேத்தியிடம் 'நீ போய்ப் பார்த்துட்டு வா' என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். உங்கள் கால்தான் அந்த வழியில் நடந்து பழகவேண்டும்.

தலைசுற்றல் பற்றி: பங்கோர் படகையும் பெரிய கப்பலையும் ஒன்றாக நினைக்காதீர்கள். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் தீபகற்பம். இரண்டு நிலமும் அணைத்துக்கொண்டிருப்பதால் அது பெரும்பாலும் அமைதியான கடல். வருடக் கடைசியில் கொந்தளிப்பது கிழக்குக்கரைப் பக்கம். விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து திடீர்க் காற்றும் மழையும் வந்து அடிப்பதுண்டு, அதுவும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு. விலையும் பெரும்பாலும் அங்கேதான் குறைவு. சாப்பாட்டு விஷயத்தை முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். மாட்டிறைச்சி வேண்டாதவர், சைவர், நீரிழிவுக்காரர் என்று எல்லாரையும் ஏற்றிப் பழகிய கப்பல்கள்தாம் நம் பக்கம் ஓடுகின்றன. சன்னல் கேள்விக்கு: உள்ளறைக்குச் சன்னல் கிடையாது. இருட்டு ஆகாதவர்கள் அதை எடுக்க வேண்டாம்.

இனி ஒரு பழைய கதை. கப்பல் நமக்குப் புதிது என்று பேசுகிறோமே, அந்தப் பேச்சு எனக்கு வலிக்கிறது.

நம் தாத்தா பாட்டிகள் இந்த மண்ணுக்குக் கப்பலில்தான் வந்தார்கள். கிளாஸ்கோவில் கட்டப்பட்டு 1926இல் ஓட ஆரம்பித்த 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் போய்வந்தது. மேல்தளத்தில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்து, ஆயிரக்கணக்கான பேர் படுத்து வந்தார்கள். வந்தவர்களில் எத்தனையோ பேரைப் பினாங்குப் பக்கத்து ஜெரெஜாக் தீவில் இறக்கி, நோய்த்தடுப்பு முகாமில் அடைத்துவைத்துப் பிறகுதான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். ரஜூலாவுக்குப் பிறகு 'சிதம்பரம்' ஓடியது. அந்தக் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போனபின் அந்தக் கடல்வழியே நமக்கு முடிந்துபோனது. என் அத்தையின் அம்மா ரஜூலாவில் வந்தவர். கடலுக்கு அவர் பயப்பட்டதாக ஒருநாளும் சொன்னதில்லை. கங்காணியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டே இருப்பார். ஊரில் திண்ணையில் உட்கார்ந்து, கையில் மோதிரம் மின்ன, 'மலாயாவுல காசு மரத்துல காய்க்குது' என்கிற தோரணையில் பேசினானாம். அவனும் நம் ஊர்க்காரன்தான், நம் பாஷைதான், முறை வைத்துத்தான் கூப்பிட்டான். அந்தப் பேச்சுதான் அவர்களைக் கப்பலேற்றியது.

இன்று அந்தக் குரல் புலனத்தில் வருகிறது. அதே "அத்தே", அதே "நம்ம ஆளு".

அத்தையின் கூட்டத்துக்குப் பயணம் ஏற்பாடு செய்வதாக வந்தவன் அந்தத் தோட்டத்து ஆயாக்கொட்டாயில் வளர்ந்தவன். அவன் அம்மாவும் என் அத்தையும் பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் வெட்டியவர்கள். பேர் சொல்லமாட்டேன். 14 பேரிடம் பணம் வாங்கினான். முதலில் முன்பணம், அடுத்து 'துறைமுக வரி', அதற்கும் அடுத்து 'அறையை உயர்த்தித் தருகிறேன்' என்று மூன்று தவணை. பணம் போனது அவன் பேரில் உள்ள கணக்குக்கல்ல. 'கம்பெனி கணக்கு இப்ப மாத்துறாங்க அத்தே, இது என் மச்சான் கணக்கு' என்றான். ரசீது கேட்டதற்குக் கைப்பேசித் திரையில் ஒரு படத்தைக் காட்டினான். புறப்படவேண்டிய நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தேதி மாறிவிட்டது என்றான். அடுத்த தேதியும் மாறியது. கடைசியில் ஒரு பையன், யாரோ ஒருவரின் பேரன், கப்பல் நிறுவனத்துக்கே நேரடியாகத் தொலைபேசியில் கூப்பிட்டு முன்பதிவு எண்ணைச் சொன்னான். அப்படி ஓர் எண்ணே இல்லை என்றார்கள். கப்பல் இருந்தது. அந்தத் தேதியில் அது புறப்பட்டும் போனது. அதில் இவர்கள் 14 பேருக்கு அறை மட்டும் இல்லை.

ஐந்து நிமிடத் தொலைபேசி அழைப்பு. முன்பணம் கட்டிய மறுநாளே அதைச் செய்திருக்கலாம்.

அதைவிட எனக்குத் தாங்கமுடியாதது பிறகு நடந்தது. 14 பேரில் 11 பேர் போலீசுக்குப் போகவில்லை. "அவன் அம்மா மூஞ்சிய கோயில்ல எப்படிப் பாக்குறது?" என்றார் என் அத்தை. போன பணம் அவர் நகைச்சீட்டுக் கட்டிச் சேர்த்தது. பிள்ளைகளிடம்கூட முழுத்தொகையைச் சொல்லவில்லை. இந்த வெட்கத்தை நம்பித்தான் இந்தத் தொழில் ஓடுகிறது. ஏமாந்தவர் வாயைத் திறக்காததால் அடுத்த தோட்டத்துக் கூட்டத்திடமும் அவன் போகிறான்.

நம்பிக்கையே தப்பு என்று சொல்லவரவில்லை. இதே பேராவில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார்கள். அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களையே விலைக்கு வாங்கின. அந்த வெள்ளிக்கு ரசீது இருந்தது, உறுப்பினர் எண் இருந்தது, கணக்கு காட்டும் கூட்டம் இருந்தது. நம்பிக்கையோடு காகிதமும் இருந்தது. நாம் இப்போது காகிதத்தை விட்டுவிட்டு நம்பிக்கையை மட்டும் கையில் கொடுக்கிறோம்.

ஆகவே எந்த முகவராக இருந்தாலும், உங்கள் சொந்த மருமகனாகவே இருந்தாலும், முதலில் உரிம எண்ணைக் கேளுங்கள். 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி, மலேசியாவில் சுற்றுலா ஏற்பாட்டுத் தொழில் நடத்துபவர் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் வைத்திருக்கவேண்டும். அந்த நிறுவனத்தின் பேரும் எண்ணும் உண்மையா என்று அமைச்சிடமே சரிபார்க்கலாம். பணம் அந்த நிறுவனத்தின் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போகவேண்டும். மச்சான், மனைவி, 'கணக்கர்' என்று தனி ஆள் பேரில் கணக்கு எண் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மோசடிப் பணம் பாய்வதற்காக வாடகைக்கு விடும் கணக்கை இங்கே 'கழுதைக் கணக்கு' என்கிறோம். போலீசின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டால், அவற்றின்மேல் புகார் இருக்கிறதா என்று காட்டும். புகார் இல்லை என்று வந்தால் நல்லவன் என்று அர்த்தமல்ல, இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை என்று மட்டுமே அர்த்தம். 11 பேர் வாயை மூடிக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். முன்பணம் கட்டியதும் முன்பதிவு எண்ணை வாங்கி, கப்பல் நிறுவனத்தின் சொந்த எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு, உங்கள் பேர் இருக்கிறதா, எவ்வளவு கட்டியதாக இருக்கிறது என்று கேளுங்கள். முகவர் கொடுக்கும் எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள்.

விளம்பரத்தில் போடும் விலையையும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் விலை. என் அத்தையைப் போல் தனியாகப் போகிற விதவைகள் கிட்டத்தட்ட இரண்டு பேர் விலை கட்டவேண்டிவரும். துறைமுகக் கட்டணம், ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று பிடிக்கும் ஊழியர் சேவைப்பணம், இணைய வசதி, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் செலவு எல்லாம் பெரும்பாலும் தனி. மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளுக்கு முன் சொல்லவேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

நேர்மையான நிறுவனத்திடம் கட்டினாலும் அபாயம் ஒன்று உண்டு. அதையும் சொல்லாமல் விடமாட்டேன். நம் நாட்டவருக்குச் சொகுசுக் கப்பல் என்றாலே நினைவுக்கு வருவது 1993இல் தொடங்கிய 'ஸ்டார் குரூசஸ்'. கிள்ளான், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல்கள். பெரிய பேர், பெரிய பணம். அதன் தாய் நிறுவனமான ஜெந்திங் ஹாங்காங், கோவிட் காலத்தில் கப்பல்கள் முடங்கி, ஜெர்மனியில் அதற்கிருந்த கப்பல் கட்டும் நிறுவனமும் 2022 ஜனவரியில் நொடித்துப்போக, அதே மாதம் நீதிமன்றப் படியேறியது. அதன் 'டிரீம் குரூசஸ்' கப்பல் சேவையும் அத்தோடு நின்றது. அந்தக் கப்பல்களில் ஒன்றான 'ஜெந்திங் டிரீம்' அதே ஆண்டு ஜூனில் 'ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ்' என்ற புதிய நிறுவனத்தின்கீழ் மறுபடி ஓடத் தொடங்கியது. கப்பல் அதே கப்பல், நிறுவனம் வேறு. இது பயணிக்கு எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று யோசியுங்கள். ஒரு நிறுவனம் நொடித்தால், முன்பணம் கட்டியவர் வங்கிகளுக்குப் பின்னால், கடன்காரர் வரிசையின் கடைசியில் நிற்கிறார். அடுத்த ஆண்டு துருக்கியில் இன்னொன்று நடந்தது. மூன்று ஆண்டு உலகம் சுற்றும் பயணம் என்று விற்றார்கள். வீட்டை விற்று, வாடகைக்கு விட்டு, சாமான்களைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். 2023 நவம்பரில், புறப்பட வேண்டிய நேரத்தில், கப்பலை வாங்கவே முடியவில்லை என்று பயணத்தைக் கைவிட்டார்கள். வேறு ஒரு நிறுவனம் அந்தக் கப்பலை வாங்கிக்கொண்டது.

முடிந்தவரை கடன் அட்டையில் கட்டுங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். கொடுத்த காசுக்குரிய சேவை கிடைக்கவில்லை என்றால், அட்டை கொடுத்த வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி அதில் இருக்கிறது. ரொக்கத்துக்கும் கணக்குக்குக் கணக்கு அனுப்பும் பணத்துக்கும் அந்த வழி இல்லை. அட்டை இல்லாத பெரியவருக்குப் பிள்ளைகள் தங்கள் அட்டையில் கட்டிக் கொடுக்கலாம். ஒரே தடவையில் முழுப்பணம் கட்டவும் வேண்டாம்.

பணத்துக்கு அடுத்த குழி காகிதங்களில் இருக்கிறது. நம்மவர்களுக்கே உரிய குழி இது.

கடப்பிதழுக்குப் பயண நாளிலிருந்து 6 மாதமாவது உயிர் இருக்கவேண்டும். 5 மாதம் 20 நாள் இருக்கிறதே என்று வாதாடினாலும் துறைமுகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் போகும். புதுப்பிக்க 200 வெள்ளி, 60 வயதுக்கு மேல் 100 வெள்ளி. இந்தக் காசுக்கு யோசித்து ஆயிரக்கணக்கில் இழக்காதீர்கள். அடுத்தது பேர். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிக்கொடுத்த பேரோடுதான் நம்மில் பலர் வாழ்கிறோம். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, கடப்பிதழில் ஒரு எழுத்து, வீட்டில் கூப்பிடுவது வேறு. அதற்கு மேல் அப்பா பேருக்கு முன் வரும் 'ஏ/எல்', 'ஏ/பி'. சில முன்பதிவு முறைகள் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. அதை எப்படிப் பதிந்தார்கள் என்று கேளுங்கள். கடப்பிதழின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, பதிவான பேரை எழுத்துக்கூட்டிச் சரிபாருங்கள். வாய்மொழியாகப் பேர் சொல்லவே சொல்லாதீர்கள்.

சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து இங்கேயே மரம் வெட்டியவர்கள். அவர்களைக் குடும்பத்தோடு சேர்த்துப் பதிந்துவிட்டு, துறைமுகத்தில் வைத்து 'பாட்டிக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாதா?' என்று திகைக்க வேண்டாம். அவர்கள் வெளியே போவதற்கும் திரும்பி உள்ளே வருவதற்கும் என்ன காகிதம் வேண்டும் என்று குடிநுழைவுத் துறையிடம் நேரில் கேட்டபிறகு முன்பதிவைப் பற்றி யோசியுங்கள். வருமான வரிப் பாக்கி இருப்பவர்களும் திவாலானவர்களும் இன்னொன்றைச் செய்யவேண்டும். நாட்டைவிட்டு வெளியேறத் தடை இருக்கிறதா என்று குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்திலேயே அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். யாரோ ஒரு தம்பிக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துபோனவர்கள் அவசியம் பாருங்கள்.

துறைமுகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'கிள்ளான் துறைமுகம்' என்று படித்துவிட்டு, ஈப்போவிலிருந்து இடிஎஸ் ரயிலில் கோலாலம்பூர் போய், அங்கிருந்து கொமுட்டரில் ஏறிக் கடைசி நிலையமான கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி நிற்காதீர்கள். சொகுசுக் கப்பல் முனையம் அங்கே இல்லை, பூலாவ் இண்டாவில் இருக்கிறது. அங்கே போக ரயில் கிடையாது. பெட்டிகளோடு வாடகை வண்டி தேடி அலைவதற்குள் பதிவு முடிந்துவிடும், கப்பல் யாருக்காகவும் நிற்காது. முந்தின இரவே கிள்ளான் பக்கம் போய்த் தங்கிவிடுவது நல்லது. பினாங்கிலிருந்து புறப்படும் பயணம் கிடைத்தால் நம்மவர்களுக்கு அது எளிது. ஈப்போவிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து படகில் தீவு, இறங்கினால் சுவெட்டன்ஹாம் முனையம் நடக்கும் தூரம்.

மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியை முனையத்தில் வாங்கிக்கொண்டு பல மணி நேரம் கழித்துத்தான் அறைவாசலில் வைப்பார்கள். இன்சுலினும் ரத்த அழுத்த மாத்திரையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தால் மாலைவரை தவிப்புதான். கப்பலில் மருத்துவர் உண்டு. ஆனால் அது அரசாங்க கிளினிக் அல்ல, பார்த்ததற்கெல்லாம் காசு. கரைக்குக் கொண்டுபோகும் அவசர நிலை வந்தால் செலவு குடும்பத்தையே சாய்த்துவிடும். பயணக் காப்புறுதி எடுங்கள். அதில் நீரிழிவையும் இதய நோயையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் அதையே காரணம் காட்டிப் பணம் தரமறுப்பார்கள். கப்பல் கரையைவிட்டு நகர்ந்ததும் கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த அலைவரிசையில் அது தானாகவே இணைந்துகொள்ளும், அந்தக் கட்டணம் மாதக்கடைசியில்தான் தெரியவரும்.

கடைசியாகச் சூதாட்ட அறை. கப்பல் கரையோரக் கடலைத் தாண்டியதும் அது திறக்கும். இந்த வட்டாரத்துக் கப்பல்களில் ஏறுகிறவர்களில் அதற்காகவே ஏறுகிறவர்கள் உண்டு. 55 வயதில் சேமநிதிப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்த ஒருவரை, 'சும்மா ஒரு சுற்று' என்று நண்பர்கள் உள்ளே அழைத்துப்போவதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. கரையில் இருந்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். அங்கே மூன்று இரவும் அந்த அறை நாலு எட்டில் இருக்கிறது. அறைச்சாவியாகக் கொடுக்கும் அட்டையிலேயே செலவு ஏறிக்கொண்டிருக்கும். வங்கி அட்டையை வீட்டில் மகளிடம் கொடுத்துவிட்டு, கையில் ஓர் அளவோடு ஏறுங்கள். அண்ணன்களே, மாமாக்களே, உங்களிடம்தான் சொல்கிறேன்.

என் அத்தை இன்னும் கப்பல் ஏறவில்லை, ஆனால் ஆசை போகவில்லை. போன மாதம் வேறொருவன் விளம்பரத்தைப் பார்த்துத் தானே கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். "தம்பி, ஒங்க லைசன்ஸ் நம்பர் என்னாப்பா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டு இதைப் படிக்கிறீர்களா? இப்போதே 997க்குக் கூப்பிடுங்கள். அது 2022இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கும் கூப்பிடுங்கள். கழுதைக் கணக்கில் விழுந்த பணம் நிமிடங்களில் அடுத்த கணக்குக்கு ஓடிவிடும். அது ஓடும் முன் தடுத்தால்தான் உண்டு. புலனச் செய்திகளை அழிக்காதீர்கள், ஒவ்வொன்றையும் படம் எடுத்துவைத்துக்கொண்டு போலீசில் புகார் கொடுங்கள். உரிமம் உள்ள நிறுவனம்தான், ஆனால் பணத்தைத் தராமல் இழுத்தடிக்கிறது என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளிவரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம், 3 ஆண்டுக்குள் போகவேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள். அவன் அம்மாவின் முகத்தைத் திருவிழாவில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் போனை எடுங்கள்.